போர்டுக்குப் பணம் இருக்கிறது, பராமரிப்புக்கு?

எங்கள் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கலாமா என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரமாகச் சண்டை. தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த் பகுதிப் பள்ளிதான், பெயர் வேண்டாம். எஸ்ஜிபியில், அதாவது பள்ளி நிர்வாகக் குழுவில், நானும் ஒரு பெற்றோர் பிரதிநிதி. "கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற நீங்களே எதிர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள்.

அந்த வேலை பார்ப்பதால்தான் எதிர்க்கிறேன். வாங்குவதற்குப் பணம் ஒதுக்கியாயிற்று. மூன்றாம் வருஷம் அதை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதற்கு பட்ஜெட்டில் ஒரு வரிகூட இல்லை.

இந்த நாட்டுக்கு இது புதுக் கதை அல்ல. மின்வழிக் கல்வி பற்றி அரசு 2004-ல் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, 2013-க்குள் எல்லா மாணவர்களும் கணினி, இணையத்தைத் திறமையாகக் கையாள வேண்டும் என்றது. 2019 பிப்ரவரியில் அதிபர் ராமபோசா, ஆறு ஆண்டுகளில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளைக்கும் டேப்லெட்டில் பாடநூல் என்று நாடாளுமன்றத்தில் அறிவித்தார். ஆறு வருஷம் ஓடிவிட்டது. என் மகள் இன்னமும் புத்தகப் பையைத்தான் சுமக்கிறாள். கவுட்டெங் மாகாணம் 2015-ல் காகிதமில்லா வகுப்பறைகளைத் தொடங்கியது. துணிச்சலான முயற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் டேப்லெட் வந்த பள்ளிகளில் திருட்டும் கொள்ளையும் நடந்தன. பூட்டு, காவலாள், காப்பீடு எல்லாம் பிறகுதான் யோசிக்கப்பட்டன.

கரண்ட் பற்றிச் சொல்லவே வேண்டாம். 2023-ல் லோட் ஷெட்டிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, ஸ்டேஜ் 6 வரை போய் நம்மை என்ன பாடு படுத்தியது! இப்போது எவ்வளவோ பரவாயில்லை. இருந்தாலும் கேபிள் திருடர்கள் ஓய்வு எடுத்துக்கொள்ளவில்லை.

நான் போய்ப் பார்த்த பள்ளிகளில் போர்டு உடைந்து கிடப்பது அபூர்வம். கிடப்பில் போடப்படுவதுதான் வழக்கம். காலையில் ஆன் செய்தால் விண்டோஸ் அப்டேட் ஓடும். பாஸ்வேர்டு தெரிந்த டீச்சர் லீவில் இருப்பார். ஒரு இடத்தில் தொட்டால் இன்னொரு இடத்தில் கோடு விழும். இருக்கிற பீரியடில் பத்து நிமிஷம் இப்படிப் போனால் பின்பெஞ்சுப் பையன்கள் தங்கள் ராஜ்ஜியத்தை ஆரம்பித்துவிடுவார்கள். மூன்று தடவை இப்படி நடந்தால் எந்த டீச்சரும் பேசாமல் மார்க்கரை எடுத்து வெள்ளைப் பலகைக்குத் திரும்பிவிடுவார். அவர் மேல் தப்பே இல்லை. விற்ற கம்பெனிக்காரர் ஒரு மதியம் வந்து காட்டிவிட்டுப் போனதை நாம் பயிற்சி என்று கணக்கில் எழுதியிருப்போம்.

அதைவிடப் பெரிய கேள்வி, எந்தப் பாடத்துக்காக வாங்குகிறோம்? 2021-ல் நடந்த பிர்ல்ஸ் என்ற பன்னாட்டு வாசிப்புத் திறன் ஆய்வின்படி நம் நாட்டு நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் 81 விழுக்காட்டினரால் படித்ததைப் புரிந்துகொள்ள முடியவில்லை. இதற்குப் பெரிய திரை என்ன செய்யும் என்று இதுவரை எனக்கு யாரும் விளக்கவில்லை.

எங்கள் பகுதியில் வாரக்கடைசியில் தமிழ் வகுப்பு எடுக்கும் ஒரு அக்கா இருக்கிறார். பிள்ளைகள் வீட்டில் பேசுவது ஆங்கிலம். காதில் விழும் தமிழ் கோயில் பாட்டோடு சரி. ல, ள, ழ மூன்றும் அவர்கள் வாயில் ஒரே லகரம். அக்கா தன் போனில் சொற்களைப் பதிவு செய்து சின்ன ஸ்பீக்கரில் போடுகிறார். பிள்ளைகள் தாங்களும் சொல்லிப் பதிவு செய்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கிறார்கள். சிரிப்பும் கூத்துமாக நாக்கு மடங்கிவிடுகிறது. எந்த இடத்தில் தன் குரல் மட்டும் போதவில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதற்கு வேண்டியதை மட்டும் வாங்கினார். 2020 லாக்டவுனில் டேட்டா தீர்ந்து வீடியோ வகுப்பு நின்றபோதும் அவருடைய வாய்ஸ் நோட் வந்துகொண்டிருந்தது.

அதனால் நான் சொல்வது இதுதான். முதலில் இரண்டு வகுப்பறைக்கு மட்டும் வாங்குவோம். எனக்கு இது வேண்டும், இந்தப் பாடத்துக்கு வேண்டும் என்று கேட்கிற டீச்சர்களுக்கே கொடுப்போம். பயிற்சிக்கு அவர்களுடைய கால அட்டவணையிலேயே நேரம் ஒதுக்குவோம், சனிக்கிழமையைப் பிடுங்க வேண்டாம். போர்டு விலையில் பாதியையாவது ஐந்து வருஷப் பராமரிப்புக்குத் தனியாக எடுத்து வைப்போம். ஒரு வருஷம் பார்த்துவிட்டு மற்ற வகுப்புகளைப் பற்றிப் பேசலாம். மெதுவாக இருக்கிறதே என்பார்கள், இருக்கட்டும். அன்றைய நேட்டாலில், அதாவது நம் மாகாணத்தில், அரசு பாதி, மக்கள் பாதி என்று காசு சேர்த்துப் பள்ளிக்கூடம் கட்டியவர்கள் நம் பெரியவர்கள். நம் பீஸ் பணத்தையும் அந்தக் கண்ணோடு செலவு செய்யலாமே.

பட்ஜெட்டைப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைத்தே ஆகவேண்டும், 30 நாள் முன்பே நோட்டீஸ் தரவேண்டும் என்கிறது 1996 பள்ளிச் சட்டம். நோட்டீஸ் வந்ததும் அதில் பராமரிப்பு என்று ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் நான் எதிர்த்துத்தான் ஓட்டுப் போடுவேன். சம்மதம் இல்லாதவர்கள் கூட்டத்துக்கு வந்து சண்டை போடுங்கள், வாட்ஸ்அப்பில் போடும் கட்டைவிரல் அங்கே ஓட்டாகாது.