அக்கவுண்டைக் கொடுத்த பையனுக்கும் வக்கீல் வேண்டும்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சைபர் மோசடி வழக்கில் யாராவது கைதானால் போதும், ஊர் வாட்ஸ்அப் குழுக்களில் பையனின் படம் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. படத்துக்குக் கீழே தவறாமல் ஒரு கேள்வியும் வரும்: “இவனுக்கெல்லாம் எந்த வக்கீல் ஆஜராகப் போகிறான்?” நான் ஆஜராகிறேன். நாகர்கோவிலிலும் பத்மநாபபுரத்திலும் குழித்துறையிலும் இந்த வழக்குகளுக்கு வக்காலத்து போடுகிறவள் நான். ஏன் போடுகிறேன் என்பதை ஒரு முறை விரிவாகச் சொல்லிவிட வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஏமாந்தவர்களின் வேதனை எனக்குத் தெரியாததல்ல. பணத்தைப் பறிகொடுத்தவர்களுக்காகவும் மனு எழுதுகிறேன். ஓய்வூதியப் பணத்தை மொத்தமாக இழந்த பெரியவர்கள் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து பேச்சு வராமல் தவித்திருக்கிறார்கள். ‘டிஜிட்டல் கைது’ என்று வீடியோ அழைப்பில் மிரட்டப்பட்டு, சொந்த வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தவர்கள் உண்டு. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. பணம் போனது தெரிந்ததும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு.

ஆனால் அந்தப் பணத்தை உண்மையில் விழுங்கியவன் பெரும்பாலும் நம் ஊர்ச் சிறைக்கு வருவதில்லை. வருகிறவன் யார்? மார்த்தாண்டத்தில் செல்போன் கடையில் வேலை பார்த்தவன். பொறியியல் படித்துவிட்டு வளைகுடா விசாவுக்காகக் காத்திருந்தவன். ஜூன், ஜூலை தடைக்காலத்தில் கடலுக்குப் போக வழியில்லாமல் கடனில் கிடந்த குளச்சல் பக்கத்துப் பையன். யாரோ ஒரு நண்பனின் நண்பன் வந்து, “ஒரு அக்கவுண்ட் திறந்து கொடு, கமிஷன் உண்டு, ஒன்றும் ஆகாது” என்கிறான். பாஸ்புக், ஏ.டி.எம். கார்டு, அந்தக் கணக்கோடு இணைத்த சிம், மூன்றும் கைமாறுகின்றன. சில ஆயிரம் ரூபாய் கிடைக்கிறது. சில மாதம் கழித்து வீட்டு வாசலில் போலீஸ்.

2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழகத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் இது. அந்தப் பெருமை நமக்கு நிறையவே உண்டு. வங்கியில் நீட்டிய படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துப் பார்க்கும் பழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

எல்லாப் பையன்களும் அப்பாவிகள் என்று சொல்ல வரவில்லை. தெரிந்தே கொடுத்தவர்கள் உண்டு. நண்பர்களின் கணக்குகளைத் திரட்டிக் கொடுத்துத் தரகு வாங்கியவர்களும் உண்டு. ஆனால் தெரிந்து கொடுத்தானா, தெரியாமல் கொடுத்தானா என்பதுதான் வழக்கே. ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்பதை அரசுத் தரப்பு நிரூபித்தாக வேண்டும். கணக்கு இவன் பெயரில் இருக்கிறது என்பதோடு அந்தக் கேள்வி முடிந்துவிடாது.

ஒரு தாய் கொண்டுவந்த கணக்கு அறிக்கையைச் சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். முதல் பக்கங்களில் கல்வி உதவித்தொகையும் சில நூறு ரூபாய்களும்தான். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலை 11.14-க்கு 4,80,000 ரூபாய் வரவு. 11.31-க்குள் அவ்வளவும் துண்டு துண்டாக வேறு கணக்குகளுக்குப் போய்விட்டது. மிச்சம் 212 ரூபாய். அந்த நேரத்தில் பையன் குலசேகரம் பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் ஷீட் அடித்துக்கொண்டிருந்தான். போனை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தான். கணக்கோடு இணைந்த செல்போன் எண் அதற்குச் சில நாள் முன்புதான் மாற்றப்பட்டிருந்தது. அந்த வரியைக் காட்டி, “இந்த நம்பர் யாருடையது?” என்று கேட்டேன். “தெரியாது வக்கீலம்மா, அவனுக்கு ஒரே நம்பர்தான்” என்றார்.

அந்த ஒரு வரியில்தான் அவனுடைய தரப்பே இருந்தது. புது எண் யார் பெயரில் வாங்கப்பட்டது, அன்று எந்த செல்போன் கோபுரத்தின் எல்லையில் இருந்தது, எந்த ஐ.பி. முகவரியிலிருந்து இணைய வங்கிக்குள் நுழைந்தார்கள், ஓ.டி.பி. எங்கே போனது, ஏ.டி.எம். கேமராவில் பதிவான முகம் யாருடையது? இவை எல்லாம் காலக்கெடு உள்ள ஆவணங்கள். கேமரா பதிவு சீக்கிரமே அழிந்துவிடும். அழியாமல் பாதுகாத்து வைக்கச் சொல்லி உடனே மனு போட வேண்டும். நீதிமன்ற விசாரணை தொடங்கிய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால், கேட்கும்போது ஒன்றும் இருக்காது.

சட்டப் பிரிவுகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி (பிறர் அடையாளத்தைத் திருடுதல்), 66டி (கணினி வழியே ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுதல்) இரண்டுக்கும் 3 ஆண்டு வரை சிறை. அதே சட்டத்தின் 77பி பிரிவுப்படி இவை ஜாமீனில் விடத்தக்க குற்றங்கள். ஆனால் பணமோசடியில் இவை தனியாக வருவதில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4), அதாவது நம் எல்லோருக்கும் தெரிந்த பழைய 420, கூடவே வரும். அதற்கு 7 ஆண்டு வரை தண்டனை. ஜாமீன் தருவதும் மறுப்பதும் நீதிமன்றத்தின் கையில்.

அதனாலேயே கைது செய்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. 7 ஆண்டு வரையிலான குற்றங்களில் கைது ஏன் அவசியம் என்று காரணம் எழுத வேண்டும். அவசியம் இல்லையென்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் புதிய வடிவமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3)-இன்கீழ் நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் அழுத்திச் சொன்னது இதைத்தான். அந்த நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் செல்லாது என்று 2025 ஜனவரியிலும் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் வந்தால் ஒளிந்துகொள்ளாதீர்கள். வக்கீலைப் பார்த்துவிட்டு, குறித்த நாளில் போய் நில்லுங்கள். போகாமல் இருப்பதுதான் கைதுக்குக் காரணத்தை நாமே எழுதிக் கொடுப்பது.

இப்போது எனக்குப் பெரிய கவலை நியாய சன்ஹிதாவின் 111-ஆவது பிரிவு. அமைப்பு சார்ந்த குற்றம் என்பதற்குள் சைபர் குற்றத்தையும் சேர்த்திருக்கிறார்கள். உயிரிழப்பு இல்லாத வழக்கில் குறைந்தது 5 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். இந்தப் பிரிவு ஏறிவிட்டால், குற்றப்பத்திரிகை வராவிட்டால் 60 நாளில் கிடைக்க வேண்டிய ஜாமீன் 90 நாளுக்குத் தள்ளிப்போகிறது. ஆனால் பிரிவை முழுவதும் படியுங்கள்: கடந்த 10 ஆண்டுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் அவற்றை ஏற்றிருக்க வேண்டும் என்ற நிபந்தனை உள்ளேயே இருக்கிறது. வாழ்க்கையில் முதல்முறையாகப் போலீஸ் நிலையத்தைப் பார்த்த பையன்மீது இந்தப் பிரிவைப் போட்டால், ரிமாண்ட் அன்றே எழுந்து எதிர்க்க வேண்டும். எதிர்க்க ஆள் இல்லாத பையன் அந்த 30 நாளையும் உள்ளே கழிக்கிறான்.

குடும்பங்கள் செய்யும் காரியங்களைப் பார்த்தால் நெஞ்சு கொதிக்கிறது. போலீஸ் வருகிறது என்று தெரிந்ததும் போனில் உள்ளதை எல்லாம் அழிப்பது முதல் வேலை. சாட்சியத்தை அழிப்பது தனிக் குற்றம். அதைவிட முக்கியம், தரகன் அனுப்பிய செய்திகளும் அழிந்துபோகின்றன. பையனைக் காப்பாற்றியிருக்கக்கூடியவை அவைதாம். இரண்டாவது, “ஸ்டேஷனில் பேசி முடித்துத் தருகிறேன்” என்று வருகிறவனிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுப்பது. மூன்றாவது மௌனம். “வக்கீல் வைத்தால் தப்பு செய்ததாக ஆகிவிடுமே” என்று ஒரு தந்தை என்னிடமே கேட்டார். கைதான நேரம் முதல் தான் விரும்பும் வக்கீலைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 22-ஆவது பிரிவு தருகிறது. கைதுக்கான காரணத்தைச் சொல்ல வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கலாம். போலீசாரிடம் கொடுத்த வாக்குமூலம் அவனுக்கு எதிரான ஒப்புதலாக நீதிமன்றத்தில் நிற்காது. இவை எல்லாம் நிரபராதிகளுக்கு மட்டும் எழுதிவைத்த உரிமைகள் அல்ல.

மின்னணு சாட்சியத்தில்தான் வக்கீலின் உழைப்பு தெரியும். சாட்சியச் சட்டத்தின் புதிய வடிவமான பாரதிய சாக்ஷ்ய அதினியமில் 63-ஆவது பிரிவைப் பாருங்கள். கணினிப் பதிவின் நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் வேண்டும்; அதில் இரண்டு பகுதி. கருவியைக் கையாண்டவர் ஒன்றில் கையெழுத்திட வேண்டும், நிபுணர் மற்றொன்றில். கோப்பின் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். ஹாஷ் என்பது கோப்பின் கைரேகை. ஓர் எழுத்து மாறினாலும் அதுவும் மாறிவிடும். சான்றிதழ் இல்லாத நகல் ஏற்கத்தக்கதல்ல என்று உச்ச நீதிமன்றம் 2014-இலும் 2020-இலும் பழைய சட்டத்தின்கீழேயே தீர்த்துச் சொல்லிவிட்டது. ஒரு வழக்கில் போனைப் பறிமுதல் செய்தபோது மகஜரில் எழுதிய ஐ.எம்.இ.ஐ. எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) ஆய்வக அறிக்கையில் இருந்த எண்ணும் கடைசி நான்கு இலக்கத்தில் வேறுபட்டன. ஆய்வகத்துக்குப் போனது எந்தப் போன்? விசாரணை அதிகாரியால் பதில் சொல்ல முடியவில்லை. அதே குற்றப்பத்திரிகையின் நகல் பலர் கையில் இருந்தது. யாரும் இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

களியக்காவிளையைத் தாண்டினால் கேரளம் என்பதால் வெளிமாநிலப் போலீஸ் நமக்குப் புதிதல்ல. ஆனால் இப்போது தெலங்கானாவிலிருந்தும் மகாராஷ்டிரத்திலிருந்தும் வருகிறார்கள். கைது செய்தால் இங்குள்ள நீதிபதி முன் நிறுத்தி, கொண்டுபோவதற்கான அனுமதியைப் பெற வேண்டும். வழக்கு வேறு மாநிலத்தில் இருந்தாலும், அங்கே போய் மனு போடும்வரை குறுகிய காலத்துக்கு முன்ஜாமீன் தர இங்குள்ள செஷன்ஸ் நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் பிரியா இந்தோரியா வழக்கில் சொல்லிவிட்டது.

கணக்கு முடக்கம் இன்னொரு கொடுமை. மோசடிப் பணம் கைமாறி வந்து சேர்ந்த கணக்கைப் போலீஸ் சொல்லி வங்கி முடக்கிவிடுகிறது. மீன் விற்ற பணமாக 3,000 ரூபாய் யு.பி.ஐ.யில் வந்தது. அனுப்பியவனுக்கு அது எங்கிருந்து வந்தது என்று விற்றவருக்கு எப்படித் தெரியும்? முழுக் கணக்கும் முடங்கிப் படகுக்கு டீசல் போட முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-இல் சொன்னது. சென்னை உயர் நீதிமன்றமும் மறு ஆண்டு அதே திசையில் உத்தரவிட்டது. வங்கிக் கவுண்டரில் சண்டை போட்டுப் பயனில்லை. முடக்கச் சொன்னது எந்த ஊர்ப் போலீஸ், எந்தப் புகார் எண் என்று எழுத்தில் வாங்குங்கள். மீதியை மனுவில் பார்த்துக்கொள்ளலாம்.

“அப்படியானால் ஏமாந்தவர்களுக்கு நியாயம்?” என்று கேட்பீர்கள். கணக்கைக் கொடுத்தவன் வாய் திறந்தால்தான் வாங்கியவன் பெயர் வெளியே வரும். பாதுகாப்பு இல்லாதவன் வாய் திறக்க மாட்டான். நல்ல வக்கீல் இருந்தால், வாங்கிய கமிஷனைத் திருப்பிச் செலுத்தவும், தரகனை அடையாளம் காட்டவும், நீதிமன்றம் மன்னிப்பு வழங்கினால் அரசுத் தரப்புச் சாட்சியாகவும் வழி இருக்கிறது. 318(4) நீதிமன்ற அனுமதியோடு சமரசம் செய்யக்கூடிய குற்றமும்கூட.

2020-இல் நாகர்கோவிலை உலுக்கிய அந்த வழக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். பெண்களின் படங்களை வைத்து மிரட்டிய வழக்கு. சி.பி.சி.ஐ.டி. விசாரித்தது. 2023-இல் நாகர்கோவில் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் இருந்ததால் தண்டனை தடைபடவில்லை. குறுக்கு விசாரணையைத் தாண்டி வந்த தீர்ப்பை மேல்முறையீட்டில் எளிதில் அசைக்கவும் முடியாது.

குண்டர் சட்டத்தையும் மறந்துவிடக் கூடாது. 2014 திருத்தத்துக்குப் பிறகு சைபர் சட்டக் குற்றவாளிகளையும் அதில் ஓராண்டு வரை வழக்கு விசாரணை இல்லாமலே அடைக்கலாம். ஜாமீன் கிடைக்கப்போகிற நேரத்தில் இந்த உத்தரவு வருவதுண்டு. அரசுக்கு உடனே முறையீடு அனுப்ப வேண்டும். அதைப் பரிசீலிப்பதில் காரணமில்லாத தாமதம் இருந்தாலோ, ஆவணங்களைத் தமிழில் தராமல் விட்டிருந்தாலோ உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனுவில் கேட்கலாம்.

வக்கீல்களிடமும் ஒரு வார்த்தை. இன்னார் வழக்கில் ஆஜராக மாட்டோம் என்று வக்கீல் சங்கங்கள் தீர்மானம் போடுவது செல்லாது என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது கோயம்புத்தூரிலிருந்து போன வழக்கு, நம் தமிழ்நாட்டு வழக்கு. தீர்மானம் போடாமலே ஒதுங்கிக்கொள்வதும், வக்காலத்தை வாங்கிவிட்டு மின்னணு ஆவணங்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் வாய்தா வாங்குவதும் என் கண்ணுக்கு அதைவிடப் பெரிய துரோகம்.

காசில்லாதவர்கள் தயங்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே கிடையாது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு இலவச வக்கீலை உரிமையாகவே தருகிறது. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள், அல்லது 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழையுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், கணக்கு அறிக்கை, தரகனோடு பேசிய செய்திகளின் படங்கள், மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.

இளம் வக்கீல்கள் யாருக்காவது இந்த வழக்குகளைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றிருந்தால் மாலை ஆறு மணிக்கு மேல் என் அலுவலகத்துக்கு வாருங்கள். முடிந்துபோன வழக்குகளின் குற்றப்பத்திரிகைகளைப் பெயர்களை மறைத்து எடுத்து வைத்திருக்கிறேன். 63-ஆவது பிரிவுச் சான்றிதழிலிருந்து ஆரம்பிப்போம்.