வட சென்னையை விட்டுவிட்டு எந்த மெட்ராஸைக் கொண்டாடுகிறீர்கள்?

அந்த வீடியோவை இதற்குள் நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன். எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நான் மதிக்கிற நண்பர்களே அதைப் பகிர்ந்து "அருமையான உரை" என்று போட்டிருப்பதைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

மெட்ராஸ் தினத்துக்குப் பேச வந்த அந்தப் பெரியவர் சொன்னது இரண்டு விஷயம். ஆங்கிலேயர் வந்த 1639க்கு முன்னால் இங்கே ஒன்றுமே கிடையாது, வெறும் மணல், நாலு மீனவக் குடிசை என்பது முதலாவது. "மரபு நடையில் ராயபுரம், காசிமேடு பக்கம் ஏன் சார் இல்லை?" என்று ஒரு பெண் எழுந்து கேட்டதற்கு, "அங்கே பார்க்க என்னம்மா இருக்கு, யார் பாதுகாப்பு கொடுக்கிறது?" என்று சொன்னது இரண்டாவது. அரங்கமே சிரித்தது. அவர் பேசியதைவிட அந்தச் சிரிப்புதான் எனக்கு வலித்தது.

முதலில் அந்த "ஒன்றுமே கிடையாது" கதைக்கு வருகிறேன். திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவர் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. மயிலையின் கடலைச் சம்பந்தர் பாடியிருக்கிறார். ஆங்கிலேயர் வருவதற்கு நூறு ஆண்டுகள் முன்பே போர்த்துகீசியர் சாந்தோமில் கடை விரித்தாகிவிட்டது. திருவொற்றியூர் எப்பேர்ப்பட்ட ஊர் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? சரி, கோயிலையெல்லாம் விடுங்கள், வியாபாரத்தையே பேசுவோம். கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி பிரான்சிஸ் டே இந்தக் கரையை ஏன் தேர்ந்தெடுத்தார்? இயற்கைத் துறைமுகம் கிடையாது. அலை வந்து அடித்தால் படகு கவிழும். அப்படிப்பட்ட இடத்துக்கு அவர் வந்த காரணம் துணி. மற்ற இடங்களைவிட இங்கே துணி 20 சதவீதம் மலிவாகக் கிடைக்கும் என்று அவரே கம்பெனிக்கு எழுதினார். மலிவாக நெய்ய ஆள் இருந்ததால்தான் கோட்டை வந்தது. இதைத் திரும்பத் திரும்பச் சொல்வேன்: நெசவாளி முதலில், கோட்டை அப்புறம்.

நெய்த துணியை வெளுக்க ஒரு பேட்டை வேண்டியிருந்தது, அதுதான் வண்ணாரப்பேட்டை. நெசவாளிகளைக் கொண்டுவந்து குடியமர்த்தத் திருவொற்றியூர்ப் பக்கம் காலடிப்பேட்டை உண்டானது. 1734இல் சிந்தாதிரிப்பேட்டை. இந்த ஊரின் வரைபடமே துணி வியாபாரத்தின் கணக்குப் புத்தகம்தான். அந்தப் பெரியவர் இங்கே கம்பெனியின் கவர்னராக இருந்த எலிஹு யேலைப் பற்றிப் பத்து நிமிடம் உருகினார். 1680களில் கம்பெனி இந்தக் கரையிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது பற்றி ஒரு வார்த்தை இல்லை. 1718இல் யேல் அனுப்பிய மூட்டைகளில் இருந்த துணியை விற்ற காசில்தான் அமெரிக்காவின் இன்றைய யேல் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அந்த மாதிரித் துணியை நெய்தவனுக்கு இந்த ஊரில் ஒரு பலகையாவது இருக்கிறதா?

கோட்டையை ஒட்டி இருந்த பழைய கறுப்பர் நகரம், அதாவது நம் சனம் குடியிருந்த பகுதி, என்ன ஆனது என்றும் அவர் சொல்லியிருக்கலாம். பிரெஞ்சுக்காரர்கள் 1746இல் வந்து பிடித்துக்கொண்டு, 1749இல் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு பீரங்கி சுட வெட்டவெளி வேண்டும் என்று, மிச்சமிருந்த வீடுகளையும் சென்னக்கேசவப் பெருமாள் கோயிலையும் ஆங்கிலேயர்களே இடித்துத் தள்ளினார்கள். இன்றைக்கு உயர் நீதிமன்றம் நிற்பது அந்த இடத்தில்தான். வெளியேறிய சனம் வடக்கே போனது. வடக்குக்குத் தள்ளுவது அப்போதே தொடங்கிவிட்டது.

இப்போது துறைமுகம். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இந்த ஊரில் துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலா படகில் நம் ஆட்கள் அலையைத் தாண்டிப் போய், மூட்டையையும் துரைகளையும் துரைசானிகளையும் கரை சேர்த்தார்கள். அலை பொங்கிப் படகு போக முடியாத நாளில் கட்டுமரக்காரன் கடிதத்தைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு நீந்தினான். அந்த "நாலு மீனவக் குடிசை"யில் இருந்தவன் இல்லையென்றால் ஒரு மூட்டை கரையேறியிருக்காது, ஒரு கவர்னர் கால் நனையாமல் இறங்கியிருக்க மாட்டார்.

1875இல் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். 1881இல் புயல் வந்து அடித்து நொறுக்கியது. மறுபடி கட்டினார்கள். பிறகு பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வந்து வாயிலை வடகிழக்குப் பக்கம் மாற்றினார். இதையெல்லாம் பொறியியல் சாதனையாகப் பேசுகிறார்கள், பேசட்டும், சாதனைதான். ஆனால் அந்தக் கல் கரங்கள் கடலுக்குள் நீண்டதும் என்ன நடந்தது? நம் கடற்கரையில் வருடத்தில் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் சேர்ந்து சேர்ந்து, கோட்டைச் சுவரை ஒட்டி இருந்த கடல் விலகி, மெரினா அகன்றது. வடக்கே வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் ராயபுரத்தைத் தின்றது, காசிமேட்டைத் தின்றது, திருவொற்றியூரைத் தின்றது. நீங்கள் மாலையில் சுண்டல் வாங்கிக்கொண்டு காலாற நடக்கிற அந்த மணல் எங்கள் கரைக்கு வரவேண்டிய மணல். கோபத்தில் எழுதுகிற வார்த்தை இல்லை இது. கடலோரப் பொறியியல் படிக்கிற எந்த மாணவரைக் கேட்டாலும் சொல்வார்.

எங்கள் ஆயா திருவொற்றியூர்க் குப்பத்தில் பிறந்தவர். சின்ன வயதில் என்னைக் கரைக்குக் கூட்டிப்போய், அலை உடைகிற இடத்துக்கும் அப்பால் கையைக் காட்டி, "அதோ, அங்கதான்டா நம்ம அடுப்பு இருந்துச்சு" என்பார். எனக்கு அப்போது புரியாது, கடலுக்குள் எப்படி அடுப்பு இருக்கும் என்று சிரிப்பேன். அவர் வாழ்ந்த தெரு, அதற்கு முன்னால் இருந்த தெரு, வலை காயவைத்த மணல்வெளி எல்லாம் போயிற்று. பிறகு கல் கொட்டினார்கள். கல் கொட்டினால் கடல் அடங்கிவிடுமா? அந்தக் கல் முடிகிற இடத்துக்கு அடுத்த ஊரைத் தின்னும். கல் கொட்டிய கரையில் கட்டுமரத்தை எப்படி ஏற்றுவது? தாத்தா கடலை விட்டுவிட்டு ஹார்பரில் மூட்டை தூக்கப் போனதற்குக் காரணம் அதுதான். அப்புறம் கண்டெய்னர் வந்தது, மூட்டை தூக்குகிற வேலையும் போனது.

"அப்படியானால் துறைமுகமே வேண்டாமா? வளர்ச்சி வேண்டாமா?" என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியும், இந்தக் கேள்வியைத் தயாராக வைத்திருப்பீர்கள். நான் துறைமுகத்துக் கூலியில் வளர்ந்த குடும்பம். அந்த வேலை எத்தனை வீட்டில் அடுப்பெரித்தது என்று உங்களைவிட எனக்குத் தெரியும். ஹூண்டாய் கார் இந்த ஊரிலிருந்து உலகத்துக்குப் போவது எனக்கும் பெருமைதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று: வரவு எல்லோருக்கும் என்றால் செலவு மட்டும் ஏன் வடக்குக்கு?

நிலக்கரி எங்கே இறங்கியது? ராயபுரத்துக்குப் பக்கத்தில். துணி காயப்போட்டால் கறுப்பாகும். 2011இல் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் நின்றது. நின்று எங்கே போனது? எண்ணூருக்கு. இன்னும் வடக்கே! அனல்மின் நிலையத்துச் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை மணலியில். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது எர்ணாவூரில் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு மறுபடி எண்ணெய் வந்தது, மறுபடி மீனவர்களே படகில் போய் அள்ளினார்கள். ராக்கெட் விடுகிற நாட்டில் எண்ணெய் அள்ள வாளிதான் கொடுத்தார்கள். தெற்கே ஒரு கடற்கரையில் இது நடந்திருந்தால் இப்படித்தான் விட்டிருப்பார்களா?

துறைமுகம் மதுரவாயல் மேம்பாலத்துக்கு 2009இல் அடிக்கல், 2012இல் நிறுத்தம், 2022இல் மறுபடி அடிக்கல். இந்த இடைவெளியில் கண்டெய்னர் லாரிகள் எங்கள் சாலையில்தான் வரிசை கட்டி நின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்த லாரிகளுக்கு இடையில் சைக்கிள் ஓட்டினார்கள். இரண்டு கட்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு, ஆகவே "அரசியல் பேசாதே" என்று யாரும் வரவேண்டாம்.

"ஆங்கிலேயன் வராவிட்டால் ரயில் ஏது" என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் புறப்பட்டது எங்கள் ராயபுரத்திலிருந்து. அந்தக் கட்டடம் இன்றும் நிற்கிறது. பார்க்க என்ன இருக்கிறது என்றாரே, அதைப் பார்க்கலாம். 1918இல் நாட்டின் முதல் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்த பெரம்பூரைப் பார்க்கலாம். 1860இல் ட்ரூரோ கப்பலில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போன தமிழரும் தெலுங்கரும் புறப்பட்ட கரையைப் பார்க்கலாம். பார்க்க விருப்பம் வேண்டும், அவ்வளவுதான்.

பாதுகாப்பு என்றாரே, அதற்கு என்ன பதில் சொல்வது? படித்து முடித்து முதல் நேர்காணலுக்குப் போனபோது, முகவரியைப் பார்த்துவிட்டு ஒருவர் "ஓ, அந்த ஏரியாவா" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். தெற்கே வீடு வாடகைக்குக் கேட்டபோதும் அதே சிரிப்பு. என் தங்கை சொந்த ஊர் எது என்று கேட்டால் பொதுவாக "சென்னை" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். சினிமாவில் கத்தி எடுக்கிறவன் எல்லாம் எங்கள் தெருவில் இருந்து வருகிறான். எங்கள் தெருவில் செவிலியர் இருக்கிறார்கள், கேரம் சாம்பியன்கள் இருக்கிறார்கள், பாக்ஸிங் கற்றுக்கொடுக்கிற அண்ணன்கள் இருக்கிறார்கள், விடியற்காலையில் மீன் ஏலம் எடுக்கப் போகிற அம்மாக்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் காசிமேட்டில் கூடைகளுக்கு நடுவே தனியாக நிற்கிற பெண்களிடம் போய்ப் பாதுகாப்பைப் பற்றிப் பாடம் எடுங்கள்.

விழாக் குழுவில் இருக்கும் நண்பர்களுக்கு: அடுத்த ஆகஸ்டில் நடையை ராயபுரம் ஸ்டேஷனில் தொடங்கி எண்ணூர் முகத்துவாரத்தில் முடியுங்கள். வழிகாட்ட எங்கள் பையன்கள் இருக்கிறார்கள், சம்பளம் கொடுத்துக் கூப்பிடுங்கள். கமெண்டில் வந்து "ரவுடி ஏரியா" என்று எழுதுகிறவர்களுக்கு இந்த முறை பதில் சொல்ல மாட்டேன், பிளாக் செய்துவிடுவேன்.