தங்கத்தைக் கண்டுபிடித்தவர் கணக்கில் மூழ்கிய கதை

ஆழ்கடலில் மூழ்கிய கப்பலைக் கண்டுபிடித்து அதன் தங்கத்தை மேலே எடுத்த டாமி தாம்ப்சன் பெயரை எடுத்தாலே ஒரு கூட்டம் "புதையல் திருடன்" என்கிறது. இன்னொரு கூட்டம் "ஒரு மேதையைச் சிறையில் போட்டு வதைத்துவிட்டார்கள்" என்று கண்ணீர் விடுகிறது. இரண்டு பேருமே அவர் செய்த தொழிலைப் பார்ப்பதில்லை. என் கருத்து இது: இடத்தைக் கணிப்பதிலும் கீழிருந்து எடுப்பதிலும் அவர் செய்தது இன்றைக்கும் பாடம். தேடும்போது தேவைப்பட்ட ரகசியத்தைப் பங்கு பிரிக்கும்போதும் அவர் விடவில்லை. விழுந்தது அங்கேதான்.

அவர் தேடிய கப்பல் எஸ்.எஸ். சென்ட்ரல் அமெரிக்கா, பக்கவாட்டுச் சக்கரம் வைத்த நீராவிக் கப்பல். கலிஃபோர்னியா தங்கத்தோடு நியூயார்க் போகும் வழியில் புயலில் சிக்கி, 1857 செப்டம்பர் 12 அன்று அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு அப்பால் மூழ்கியது. சுமார் 425 பேர் இறந்தார்கள். கிடந்த ஆழம் ஏறக்குறைய 2,200 மீட்டர்.

இந்தத் தொழிலில் தோற்பவர்கள் பெரும்பாலும் கடலுக்குப் போகும் முன்பே தோற்றுவிடுகிறார்கள். பழைய ஆவணத்தில் கிடைத்த ஒரு நிலையை (அட்சரேகை, தீர்க்கரேகைப் புள்ளியை) நம்பி, அதைச் சுற்றி வட்டம் போட்டுத் தேடுவார்கள். தாம்ப்சன் ஓஹாயோவைச் சேர்ந்த எஞ்சினியர். அவர் அப்படிச் செய்யவில்லை. லாரன்ஸ் ஸ்டோன் என்ற கணித வல்லுநரிடம் போனார். கையில் இருந்தவை ஒன்றுக்கொன்று முரணான மூன்று தடயங்கள்: மூழ்கிய கப்பலே சொன்ன நிலை, பெண்களையும் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்ட 'மரீன்' கப்பலின் நிலை, இரவில் நீரில் தத்தளித்தவர்களை மீட்ட 'எல்லன்' கப்பலின் நிலை. ஸ்டோன் எதையும் தூக்கி எறியவில்லை. ஒவ்வொன்றுக்கும் நம்பகத்தன்மைக்கு ஏற்ப எடை கொடுத்தார். புயலில் சூரியனையும் நட்சத்திரத்தையும் பார்த்துக் கணித்ததில் வரும் பிழை, காற்றும் நீரோட்டமும் கப்பலைத் தள்ளிய தூரம், இவற்றை மாற்றி மாற்றிப் போட்டுக் கணினியில் ஆயிரக்கணக்கான முறை ஓட்டினார். வரைபடத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு நிகழ்தகவு வந்தது. எந்தக் கட்டத்தில் முதலில் தேடுவது, எப்போது நிறுத்துவது என்ற முடிவுக்கு அதுவே அடிப்படை.

1986-ல் ஒலி அலையால் இரு பக்கமும் கடல்தரையைப் படம் பிடிக்கும் சைடு-ஸ்கேன் சோனாரைக் கட்டி இழுத்து, சுமார் 40 நாளில் 1,400 சதுர மைல் பார்த்தார்கள். வயலில் சால் ஓட்டுவது போல வரிவரியாகப் போக வேண்டும். கேட்க எளிது. ஆனால் இந்த ஆழத்தில் சோனாரைத் தரைக்கு அருகே நிறுத்த, ஆழத்தைவிட மிக நீளமான கேபிளை விட வேண்டும். வேகம் மணிக்கு இரண்டு, மூன்று கடல் மைலைத் தாண்டினால் சோனார் மேலெழும்பிவிடும். ஒரு வரி முடிந்து திரும்பவே பல மணி நேரம் பிடிக்கும். அதுவரை கப்பலின் தினசரி வாடகை ஓடிக்கொண்டே இருக்கும். அதனால்தான் வரிகளை நீளமாகவும், எண்ணிக்கையில் குறைவாகவும் திட்டமிடுகிறார்கள். சோனாருக்கு நேர் கீழே ஒரு குருட்டுப் பட்டை உண்டு. பக்கத்து வரி அதன் மேல் விழுமாறு பார்வைப் பரப்புகளை ஒன்றின் மேல் ஒன்று படியவிடாவிட்டால், தேடும் கப்பல் அதற்குள்ளேயே ஒளிந்திருக்கும். பாறைச் சரிவின் நிழலும் இப்படித்தான் ஏமாற்றும். அதனால் நம்பிக்கையான புள்ளி ஒன்று கிடைத்தால் வேறு திசையிலிருந்து, அதிக அதிர்வெண்ணில், இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

சோனார் உருவத்தைக் காட்டும், பெயரைச் சொல்லாது. 1987-ல் ஒரு பருவம் முழுக்கத் தவறான சிதைவின் மேல் போனது. மறுபடி சோனார் பதிவுகளைப் புரட்டி, 1988 செப்டம்பரில் சரியான இடத்தில் இறங்கினார்கள். மரம் மக்கிப்போய், வண்டல் மேல் துருப்பிடித்த சக்கரம் கிடந்தது.

கீழே போனது 'நீமோ', ஆறு டன் ரோபோ. 2,200 மீட்டரில் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைப் போல சுமார் 220 மடங்கு. தண்ணீர் புகாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையத்தில் ஒரு முடி சிக்கினாலும் மின்சாதனப் பெட்டிக்குள் தண்ணீர் புகும். அலையில் கப்பல் தூக்கிப் போடும்போது கேபிள் தளர்ந்து, திடீரென இறுகி அறுந்துவிடும் அபாயம் வேறு. எனக்குப் பிடித்தது நாணயம் எடுத்த உத்தி. ரோபோக் கையால் ஒவ்வொன்றாகப் பிடித்தால் கீறல் விழும், கீறலோடு விலையும் விழும். அதனால் நாணயக் குவியல் மேல் சிலிக்கோனை ஊற்றி, இறுகியதும் கட்டியாகத் தூக்கினார்கள்.

அதன் பிறகு நீதிமன்றம். 19-ஆம் நூற்றாண்டில் இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனங்கள் வந்து நின்றன. 1990-ல் கீழ் நீதிமன்றம், கைவிடப்பட்ட பொருள், கண்டெடுத்தவருக்கே என்றது. 1992-ல் மேல்முறையீட்டில் அது மாறி, உரிமையாளருக்காக மீட்டவருக்குரிய கூலி என்ற கணக்கு வந்தது. கடைசியில் ஏறக்குறைய 90 சதவீதம் தாம்ப்சன் தரப்புக்குக் கிடைத்தது. வென்றார்கள்தான், ஆனால் அதற்குள் வழக்கறிஞர் செலவும் கடனும் ஏறிப்போயிருந்தன.

161 முதலீட்டாளர்கள் போட்டது 1.27 கோடி டாலர். 2000-ஐ ஒட்டித் தங்கத்தின் பெரும்பகுதி சுமார் 5 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. முதலீட்டாளர்கள் கைக்கு ஒன்றும் வரவில்லை. கடனுக்கும் வழக்குக்கும் போய்விட்டது என்றார் தாம்ப்சன். 2005-ல் முதலீட்டாளர்கள் வழக்கு, 2012-ல் தலைமறைவு, 2015 ஜனவரியில் ஃபுளோரிடா ஹோட்டலில் கைது. 500 தங்க நாணயங்கள் எங்கே என்று சொல்ல மறுத்ததால் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை. நாளுக்கு 1,000 டாலர் அபராதத்தோடு 2025 ஜனவரி வரை அந்தக் காவல் நீண்டது.

அந்த மௌனத்துக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. ஆனால் குழி முன்பே வெட்டப்பட்டிருந்தது. தேடும்போது இடத்தை மறைக்காவிட்டால் போட்டியாளர் வந்துவிடுவார், அது நியாயம். கரைக்கு வந்த பிறகும் சரக்குப் பட்டியல், செலவு, கடன் எல்லாம் அதே ஆள் கையில் மூடிக்கிடந்தால் அது வேறு விஷயம்.

மூழ்கிய கப்பல்களைத் தேடும் டேவிட் மியர்ன்ஸைப் பாருங்கள். 2008 மார்ச்சில் கோர்மொரான், சிட்னி என்ற இரு போர்க்கப்பல்களையும் சில நாள் இடைவெளியில் கண்டுபிடித்தார். அங்கே யாரும் தங்கத்துக்குக் காத்திருக்கவில்லை. கண்டுபிடித்துத் தருவதே வேலை. ஒடிஸி என்ற கடல் மீட்பு நிறுவனத்தில் இரண்டு முகமும் உண்டு. 2007-ல் மெர்செடஸ் கப்பலின் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களை அள்ளிவந்து, 2012-ல் அத்தனையையும் ஸ்பெயினிடம் ஒப்படைக்க நேர்ந்தது. கல்கத்தாவிலிருந்து புறப்பட்டு 1941-ல் மூழ்கடிக்கப்பட்ட கேர்சொப்பாவுக்கோ (நம் ஜோக் அருவிப் பக்கத்துப் பெயர்தான்) பிரிட்டிஷ் அரசோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டார்கள். 4,700 மீட்டர் ஆழத்திலிருந்து 2,792 வெள்ளிக் கட்டிகள் எந்தச் சண்டையும் இல்லாமல் வந்தன.

இப்படியொரு திட்டத்தில் பணம் போடச் சொன்னால், தங்கம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். கப்பல் எந்த நாட்டுக் கொடியோடு போனது, சரக்கு யாருடையது, வழக்குச் செலவு யார் தலையில், பட்டியல் எழுதுவது யார், முதலில் பணம் யாருக்குப் போகும் என்று கேளுங்கள். 2014-ல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகி, அதே சென்ட்ரல் அமெரிக்காவுக்கு ஒடிஸியை அனுப்பினார். ஆரம்பச் செலவும் தினசரி வாடகையும் ஈடாகும் வரை வருமானத்தில் 80 சதவீதம் ஒடிஸிக்கு, அதற்குப் பிறகு 45 சதவீதம் என்று முன்பே எழுதிவைத்தார்கள். மேலே வந்த 15,500-க்கும் மேற்பட்ட நாணயங்களும் 45 தங்கக் கட்டிகளும் எண்ணிப் பட்டியலிடப்பட்டன.