பேரிகேடு வைத்துவிட்டால் யூ டர்ன் ஆகிவிடுமா?

எங்கள் வடசென்னையில் ஒரு சந்திப்பில் வண்டிகள் தேங்கினால், பொறுப்பில் இருப்பவர்கள் செய்வது ஒன்றே ஒன்றுதான். நடுவில் பேரிகேடை வரிசையாக நிறுத்தி வலதுபக்கம் திரும்புவதை அடைத்துவிடுவார்கள். "நேரா போய் யூ டர்ன் அடிச்சு வா." அவ்வளவுதான், வேலை முடிந்தது!

இந்த யோசனை தப்பே இல்லை. வயிறு எரிவதே அதனால்தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் 1960களிலிருந்தே இப்படித்தான் திருப்பிவிடுகிறார்கள். சாதாரண நாற்சந்தியில் வண்டிகள் ஒன்றோடொன்று மோத வாய்ப்புள்ள இடங்கள் 32. வலதுபக்கத் திருப்பத்தை யூ டர்னாக மாற்றினால் அது 16 ஆகிறது. (அவர்களுக்கு அது இடதுபக்கம்.) சிக்னலில் திரும்புகிறவர்களுக்கென்று தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம், பச்சை விளக்கு கூடுதல் நேரம் எரியும். ஆனால் அங்கே சாலை நடுவில் இருக்கும் மீடியனே அகலமாக இருக்கும். அகலம் போதாத இடத்தில், லாரி வளைந்து வந்து சேரும் ஓரத்தில் சாலையை வெளியே தள்ளி அகலப்படுத்தியிருப்பார்கள். யூ டர்னுக்கு உயிரே அந்த இடம்தான்.

இங்கே? மணலியிலிருந்தும் எண்ணூரிலிருந்தும் துறைமுகத்துக்கு ராத்திரி பகலாக டிரெய்லர் ஓடுகிற ஊர் இது. 40 அடி கன்டெய்னரை ஏற்றிக்கொண்டு வருகிறவர் அந்தச் சந்தில் எப்படி ஐயா ஒரே மூச்சில் திரும்புவார்? முன்பக்கம் எதிர் ஓரத்தை முட்டும், பின்சக்கரம் உள்ளே வெட்டிக்கொண்டு மீடியன் மேல் ஏறும். கிளீனர் கீழே குதித்து வண்டியைத் தட்டித் தட்டி ரிவர்ஸ் எடுக்கச் சொல்வார். அதற்குள் அந்த இடைவெளியில் நாலு பைக், ஒரு ஷேர் ஆட்டோ. இரண்டு பக்கமும் சாலை செத்துவிடும். ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆம்புலன்ஸ் சைரன் போட்டபடி நகர முடியாமல் நிற்கும். டிரைவரைத் திட்டுகிறார்கள். அவர் என்ன செய்வார்? வளைவதற்கு இடம் விடாதது யார்?

நடந்து போகிறவர்களைப் பற்றி ஒருவருக்கும் நினைப்பே இல்லை. வண்டி நிற்காமல் ஓட வேண்டும் என்று சிக்னலை எடுத்துவிட்டால், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எந்த நேரத்தில், எந்த வழியாகக் கடப்பார்கள்? மீடியனில் நின்று மூச்சு வாங்க ஓர் அடி இடம்கூடக் கிடையாது.

ரவுண்டானாவும் யூ டர்ன் மாதிரிதான், இடம் விட்டால் நல்ல யோசனை. ஒரே தடமுள்ள ரவுண்டானாவில் மோதும் இடங்கள் வெறும் 8. உள்ளே சுற்றுகிற வண்டிக்கு நுழைகிற வண்டி வழிவிட வேண்டும் என்று பிரிட்டனில் 1966லேயே விதி போட்டுவிட்டார்கள். நடுத்திட்டைச் சுற்றி லேசாக உயர்த்திய ஒரு வளையம் விட்டால் டிரெய்லரின் பின்சக்கரம் அதில் ஏறி இறங்கிப் போய்விடும். இதெல்லாம் கோடிக்கணக்கில் பாலம் கட்டுகிற வேலையா?

அடுத்த முறை எந்தச் சந்திப்பை அடைப்பதானாலும், முதலில் ஒரு டிரெய்லரை வரவழையுங்கள். அதன் சக்கரம் போகிற தடத்தைச் சுண்ணாம்பால் வரையுங்கள். பின்னால் எடுக்காமல் ஒரே வீச்சில் திருப்பிக் காட்டுங்கள். அப்புறம் வையுங்கள் உங்கள் பேரிகேடை.