தையற்பெட்டியில் இருந்த சிவப்பு நூல்

ரொறன்ரோவில் பாதர்ஸ்ட் தெருவை ஒட்டிய தொடர்மாடியில் நாங்கள் குடியிருந்தபோது, எதிர்வீட்டில் ஒரு யூத மூதாட்டி இருந்தார். போலந்திலிருந்து வந்த பெற்றோரின் மகள். ஒரு குளிர்காலக் காலையில் என் கோட்டுப் பொத்தான் அறுந்து தொங்குவதைக் கண்டவர், நான் அணிந்திருந்தபடியே தைத்துத் தர முன்வந்தார். ஊசியைக் கோர்க்கும் முன், தையற்பெட்டியிலிருந்து ஒரு துண்டு வெள்ளை நூலை என்னிடம் நீட்டி, தைத்து முடியும்வரை அதை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கச் சொன்னார். உடம்பின்மேல் வைத்துத் துணி தைப்பது இறந்தவருக்குத்தான். வாய் அசைந்துகொண்டிருந்தால் இவன் உயிருள்ளவன் என்பது தெரிந்துவிடும் என்பது அவர் தந்த விளக்கம். துணியோடு சேர்த்துப் புத்தியையும் தைத்துவிடாமலிருக்க என்று காரணம் சொல்லும் குடும்பங்களும் உண்டு.

அவர் வீட்டில் இத்தகைய வழக்கங்கள் பல இருந்தன. பேரனின் வளர்த்தியை யாரேனும் வியந்தால் "கினஹோரா" என்பார்; கண்ணேறு படாதிருக்கட்டும் என்பதற்கு, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள் பேசிய இத்திஷ் மொழியில் உள்ள சொல் அது. குழந்தை பிறக்கும்வரை தொட்டில் வாசற்படி தாண்டாது. பிள்ளைகளை எண்ணும்போது "ஒன்றல்ல, இரண்டல்ல" என்றுதான் எண்ணுவார். ஆட்களை எண்ணினால் தீங்கு வரும் என்ற அச்சம் விவிலியத்தில், யாத்திராகமம் 30ஆம் அதிகாரத்திலேயே இருக்கிறது. தொழுகைக்குத் தேவையான பத்துப் பேர் கூடிவிட்டார்களா என்று பார்க்க, எபிரேயத்தில் பத்துச் சொற்கள் கொண்ட 28ஆம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை, ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்க்கும் வழக்கமும் அதனால்தான்.

இவற்றையெல்லாம் மூடநம்பிக்கை என்ற ஒரே சொல்லால் ஒதுக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. மத அறிஞர்களே இதில் ஒரே குரலில் பேசியதில்லை. குறி கேட்பதை உபாகமம் 18 தடுக்கிறது; விரலில் சிவப்பு நூல் கட்டுவதை எமோரியர் வழக்கம், அதாவது புறமதத்தார் வழக்கம், என்று பழைய யூதச் சட்டத் தொகுப்பான தொசெப்தா கண்டிக்கிறது; காயத்தின்மேல் வேத வசனம் ஓதுவதை 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் கடுமையாகச் சாடினார். ஆனால் யூத அறிஞர்களின் விவாதங்களைத் தொகுத்த தல்மூதோ, மனிதனுக்கு எழுதப்பட்ட தீர்ப்பைக் கிழித்தெறியும் நான்கில் ஒன்றாக, தர்மத்தோடும் பிரார்த்தனையோடும் நடத்தை மாற்றத்தோடும், பெயர் மாற்றத்தையும் வைக்கிறது. அதனால்தான் சாகக் கிடக்கும் பிள்ளைக்கு உயிர் என்று பொருள்படும் "ஹாயிம்" என்றோ, முதியவன் என்று பொருள்படும் "ஆல்ட்டர்" என்றோ பெயர் சூட்டினார்கள். பழைய பெயரைத் தேடி வரும் மரண தூதன் ஆள் தெரியாமல் திரும்பிப் போகட்டும் என்று. மருந்து எட்டாத காலத்தில் ஒரு தாயின் கையில் வேறு என்ன இருந்தது?

என் கோபம் வேறிடத்தில் இருக்கிறது. பெத்லகேம் அருகே, விவிலியத்தில் வரும் ராகேலின் கல்லறையைச் சுற்றி எடுத்த சிவப்பு நூலைக் கண்ணேறு படாதிருக்க மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் வழக்கம், இன்று இணையக் கடைகளில் உறையிட்டு விலை குறித்து விற்கப்படுகிறது. அச்சத்தை ஆற்றுவதற்கென இருந்ததை, அச்சத்தை வளர்த்துக் காசாக்கும் பொருளாக்கியது எனக்குப் பெரும் துரோகமாகவே படுகிறது.

என் மகள் பிறக்கும் முன்பே அந்த அம்மையார் கம்பளிச் சட்டை ஒன்றைப் பின்னி முடித்திருந்தார். ஆயினும், நாங்கள் மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகுதான் அது அவருடைய அலமாரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தது. அதன் உள்மடிப்பில், அதே தையற்பெட்டியிலிருந்து எடுத்த சிவப்பு நூலை, வெளியே தெரியாதபடி முடிந்து வைத்திருந்தார்.