உட்கூரைத் துணி தொங்குவது பசை குறைந்ததால் அன்று

காரின் உட்கூரைத் துணி தொங்கினால் ஊசியால் வெள்ளை மரப்பசையை உள்ளே செலுத்தி அழுத்தினால் போதும், ஆயுளுக்கும் நிற்கும் என்று மேலே நண்பர் ஒருவர் எழுதியிருப்பது பிழையான வழிகாட்டல் என்பதால் இந்தத் திருத்தத்தை எழுதுகிறேன். பெரும்பாலான கார்களில் அந்தத் துணி நேரடியாகக் கூரை அட்டையில் ஒட்டப்படுவதில்லை. துணியின் பின்புறம் சுமார் 3 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலியூரித்தேன் நுரைப்படலம் இருக்கிறது, அந்த நுரைதான் அட்டையோடு ஒட்டியிருக்கிறது. பல ஆண்டு வெயிலிலும் ஈரப்பதத்திலும் நுரை சிதைந்து பொடியாகிவிடுவதாலேயே துணி கழன்று தொங்குகிறது. தொங்கும் இடத்தைத் தட்டிப் பார்த்தால் மஞ்சள் தூள் உதிர்வதைக் காணலாம். அங்கே எந்தப் பசையைச் செலுத்தினாலும் அது தூளைத்தான் பிடிக்கும், அட்டையைப் பிடிக்காது. வெள்ளைப் பசை வெப்பத்தில் இளகுவதும் துணியில் ஊறிக் கறை விடுவதும் கூடுதல் தொல்லைகள்.

அட்டையைக் கழற்றி வெளியே எடுத்து, பழைய நுரையைத் தூரிகையால் முழுவதும் தேய்த்து நீக்கி (முகக்கவசம் அவசியம், அந்தத் தூள் மூக்கை விடாது), வெப்பம் தாங்கும் கான்டாக்ட் பசையை அட்டையிலும் நுரை பதித்த புதுத் துணியிலும் தெளித்து, அது பிசுபிசுப்பான பதத்துக்கு உலர்ந்தபின் நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி நீவி ஒட்டுவதே முறையான வழி. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் (மோதலின்போது கூரையோரத்திலிருந்து திரைபோல் விரியும் காற்றுப்பை) உள்ள வண்டியானால், கூரையைத் தாங்கும் தூண்களின் உட்புற உறைகளைத் தொடுமுன் பேட்டரியின் எதிர்மின் முனை (−) இணைப்பைக் கழற்றி, வண்டியின் கையேட்டில் சொல்லியுள்ள நேரம் காத்திருக்க வேண்டும். கையகல இடம் மட்டும் தொங்குகிறது, இன்னும் சில மாதங்கள் ஓட்டினால் போதும் என்பவர்கள் திருகு ஊசிகளைக் குத்தித் தாங்கவைக்கலாம். அதைப் பழுதுபார்ப்பு என்று மட்டும் அழைக்க வேண்டாம்.