சில கிராம் காந்தமும் 45 வேலை நாட்களும்

2025 மே மாதம் சிகாகோவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் தயாராகும் ஆலை ஒரு வாரம் மூடிக் கிடந்தது. அதே மாதக் கடைசியில் ஜப்பானில் சுசுகி ஸ்விஃப்ட் உற்பத்தி நின்றது. நிறுத்தியது அருமண் (rare earth) எனப்படும் உலோகத் தனிமங்கள் கலந்த, சில கிராம் எடையுள்ள காந்தம். ஏப்ரல் 4 அன்று டிஸ்ப்ரோசியம், டெர்பியம், சமாரியம் உள்ளிட்ட ஏழு தனிமங்களுக்கும் அவை கலந்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதி உரிமத்தைக் கட்டாயமாக்கியிருந்தது. தடை போடவில்லை. மனு கொடு, பார்க்கிறோம் என்றது. அவ்வளவுதான்.

நாடுகள் ஒன்றையொன்று சார்ந்திருந்தால் சண்டை குறையும் என்று பல ஆண்டுகளாகப் பேசியவர்கள் ஒரு கேள்வியைக் கேட்காமலே விட்டார்கள். நாளைக்கே கதவைச் சாத்தினால், மாற்று ஏற்பாடு செய்ய யாருக்கு எவ்வளவு காலம் பிடிக்கும்? பத்தாயிரம் கோடிக்கு வாங்கும் பொருளை அடுத்த மாதமே வேறிடத்தில் வாங்க முடியுமென்றால் விற்பவனுக்கு அதில் அரசியல் பலம் ஒன்றும் இல்லை. பத்து கோடிக்கு வாங்கும் பொருளுக்கு மாற்றுத் தேட பத்து வருடம் ஆகுமென்றால் நம் குடுமி அவன் கையில். வர்த்தகப் பற்றாக்குறைப் புள்ளிவிவரத்தை வைத்துக்கொண்டு தொலைக்காட்சியில் கத்துபவர்களுக்கு இது புரிவதில்லை.

அருமண் பூமியில் அப்படியொன்றும் அரிதல்ல. அரிதானது அதைப் பிரிக்கும் வேலை. தாதுவை அமிலத்திலோ காரத்திலோ வேகவைத்துக் கரைசலாக்கினால் பதினைந்து தனிமங்கள் வரை கலந்து நிற்கும். அயனிகளின் மின்னேற்றம் ஒரே மாதிரி, அளவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. மண்ணெண்ணெய் வகைக் கரைப்பானில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்து, கலக்கித் தெளியவிட்டால் ஒரு தனிமம் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதலாக எண்ணெய்ப் பக்கம் போகும். அந்தக் 'கொஞ்ச'த்தைச் சேர்த்துச் சேர்த்துத் தூய்மைக்குக் கொண்டுவர நூற்றுக்கணக்கான தொட்டிகள் வரிசையாக வேண்டும். வரிசை சமநிலைக்கு வரவே வாரக்கணக்காகும்; இடையில் அமிலத்தின் அளவு பிசகினால் மறுபடி முதலிலிருந்து. இந்த வரிசையைக் கணக்குப் போட்டு வடிவமைக்கும் முறையை பீக்கிங் பல்கலைக்கழகத்தின் சூ குவாங்சியான் 1970களில் உருவாக்கினார். இன்று உலகச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் சீனாவில் நடக்கிறது என்றால் அதற்கு மலிவான கூலி மட்டும் காரணமில்லை.

அதற்குப் பிறகும் நீண்ட வழி உண்டு. ஆக்சைடை உலோகமாக்கி, இரும்பும் போரானும் சேர்த்து உருக்கி, மூன்று முதல் ஐந்து மைக்ரான் தூளாக அரைத்து, காந்தப்புலத்தில் வைத்து அழுத்தி, வெற்றிடத்தில் சுமார் 1,050 டிகிரியில் சுட்டு, அறுத்து, நிக்கல் பூச வேண்டும். தூளில் காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும். டிஸ்ப்ரோசியமோ டெர்பியமோ சேர்க்காத சாதாரணக் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலுவிழக்கத் தொடங்கும். மின்வண்டி மோட்டாருக்குள் வெப்பம் 150 டிகிரி வரை போகும். சீனா ஏழு தனிமங்களைத் தேர்ந்தெடுத்தபோது காந்தத்தின் முக்கிய அருமண்ணான நியோடிமியத்தை விட்டுவிட்டு, பெரும்பாலும் அணு எடை கூடிய 'கன' அருமண்களில் கைவைத்ததைக் கவனியுங்கள். நியோடிமியம் போன்ற இலகு அருமண்ணுக்கு அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் உண்டு. கன அருமண்ணுக்கு அன்று ஏறக்குறைய ஆளே இல்லை.

மாற்று வர எவ்வளவு காலம் ஆகும் என்பதற்கு ஒரு நேரடி அளவுகோல் இருக்கிறது. 2010 செப்டம்பரில் சென்காகு தீவுகளருகே சீன மீன்பிடிப் படகு ஜப்பானியக் கடலோரக் காவல் கப்பல்களோடு மோதிய பின், சீனாவிலிருந்து ஜப்பானுக்கு அருமண் வரத்து தடைப்பட்டது. அடுத்த ஆண்டே ஜப்பானின் சோஜிட்ஸும் அரசு நிறுவனமான ஜோக்மெக்கும் ஆஸ்திரேலிய அருமண் நிறுவனமான லைனஸில் 25 கோடி டாலர் போட்டன. லைனஸ் மலேசிய ஆலையில் டிஸ்ப்ரோசியம் ஆக்சைடை முதன்முதலில் தயாரித்தது 2025 மே மாதத்தில். இடையில் பதினான்கு வருடம். இதே காலத்தில் அமெரிக்க அருமண் நிறுவனமான மோலிகார்ப், 2011இல் எகிறிய விலை சரிந்ததும் 2015இல் திவாலானது. சீனாவுக்குப் போட்டியாக வருபவரை முடக்க ஏற்றுமதியை நிறுத்தவே வேண்டாம், விலையை இறக்கினாலே போதும். அதனால்தான் 2025 ஜூலையில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை அந்நாட்டு அருமண் நிறுவனமான எம்பி மெட்டீரியல்ஸில் 40 கோடி டாலர் பங்கு வாங்கியதோடு நிற்காமல், நியோடிமியம்-பிரசியோடிமியத்துக்குக் கிலோவுக்கு 110 டாலர் அடிவிலையையும் பத்து வருடத்துக்கு உறுதிசெய்தது. சந்தையே எல்லாம் என்று ஊருக்கு உபதேசம் செய்த நாடு!

உரிம மனுவுக்கு வருவோம். பரிசீலனைக்கு 45 வேலை நாட்கள். கடைசிப் பயனர் யார், எந்தப் பொருளில் போகிறது, ராணுவத்துக்குப் போகாது என்ற உறுதிமொழி, எல்லாம் எழுத்தில் வேண்டும். என் பார்வையில் தாமதத்தைவிட இந்தத் தாள்கள்தான் பெரிய ஆயுதம். உலகில் எந்த ஆலை, எந்தப் பாகத்துக்கு, மாதம் எத்தனை கிலோ காந்தம் நம்பியிருக்கிறது என்ற வரைபடத்தை வாடிக்கையாளர்களே நிரப்பிக் கொடுக்கிறார்கள். அடுத்த முறை எங்கே அழுத்த வேண்டும் என்று பெய்ஜிங் தேட வேண்டியதில்லை.

அமெரிக்காவும் சும்மா இருக்கவில்லை. 2025 மே இறுதியில் சிப் வடிவமைப்பு மென்பொருளையும், பிளாஸ்டிக் தயாரிப்புக்கான ஈத்தேன் வாயுவையும் சீனாவுக்கு அனுப்ப உரிமம் வேண்டும் என்றது. அமெரிக்க ஈத்தேன் ஏற்றுமதியில் கிட்டத்தட்ட பாதியை வாங்குவது சீனா. கப்பல்கள் காத்துக் கிடந்தன, வாங்குபவனைவிட விற்பவன் அதிகமாகத் தவித்தான், ஜூலை தொடக்கத்தில் கட்டுப்பாடு போனது. மென்பொருள் வலித்திருக்கும், ஈத்தேன் திருப்பி அடித்தது. சீனாவின் சங்கிலியிலும் ஓட்டை உண்டு: கன அருமண் தாதுவில் பெரும்பங்கு மியான்மரின் காச்சின் பகுதியிலிருந்து வருகிறது. 2024 அக்டோபரில் அங்கே பாங்வா நகரைக் காச்சின் விடுதலைப் படை பிடித்தபோது வரத்து தடுமாறியது. ஆனால் அந்தத் தாதுவை வாங்கிப் பிரிக்க வேறு யாரும் இல்லாததால், கிளர்ச்சிப் படையும் கடைசியில் சீனாவுக்கே விற்க வேண்டியிருக்கிறது.

'நம்மகிட்ட மணவாளக்குறிச்சி மணல் இருக்கே' என்று பின்னூட்டம் வரும். இருக்கிறது. அதிலுள்ள அருமண் கனிமமான மோனசைட்டில் கதிரியக்கத் தோரியம் இருப்பதால் அணுசக்தித் துறைக் கட்டுப்பாடும் இருக்கிறது. இல்லாதது டிஸ்ப்ரோசியம், நம் மோனசைட்டில் கன அருமண் மிகச் சொற்பம். 2025 நவம்பரில் மத்திய அமைச்சரவை 7,280 கோடி ரூபாயில் ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. காந்தத்தின் எடையில் சுமார் 30 சதவீதம் நியோடிமியம், பிரசியோடிமியம். ஆக 1,800 டன் உலோகம் வேண்டும், அறுக்கும்போது போகும் சேதாரம் தனி. மணலைத் தோண்டிப் பிரிக்கும் மத்திய அரசு நிறுவனமான ஐஆர்இஎல் இன்று தரக்கூடியது சில நூறு டன். மிச்சத்துக்கு எங்கே போவது? வெளிநாட்டில் வாங்கலாம், அல்லது குமரியில் இன்னும் தோண்டலாம். கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேர் கேட்டதற்கே கடலோர மக்கள் கதிர்வீச்சைச் சொல்லி எதிர்க்கிறார்கள். அவர்கள் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தேசபக்தி பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

2025 அக்டோபர் 9 அன்று சீனா அறிவித்த இன்னும் கடுமையான விதிகள் 2026 நவம்பர் 10 வரை நிறுத்திவைக்கப்பட்டுள்ளன. ஏப்ரலில் போட்ட ஏழு தனிம உரிமமுறை அந்த நிறுத்திவைப்பில் இல்லை. மோட்டார் செய்பவர்கள் இப்போதே செய்யக்கூடியது இரண்டு: டெர்பியத்தைக் காந்தம் முழுக்கக் கலக்காமல் மேற்பரப்பிலிருந்து ஊடுருவவிட்டுத் தேவையைக் குறைப்பது, அதிகக் காந்த வலு தேவைப்படாத இடங்களில், அருமண் இல்லாத ஃபெரைட் காந்தத்துக்கு மாறுவது. ஃபெரைட்டுக்கு மாற மோட்டாரையே மறுபடி வடிவமைக்க வேண்டும்; இரண்டையும் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். அது ஒரு நாளில் முடியும் வேலையல்ல.